எண்பது கிலோமீட்டர்

காக்கி புக்கிட்டில் மூன்றாம் மாடிப் பட்டறை.
சாய்தளம் ஏறும்போதே
பின் இடது சக்கரம்
ஈரத்துணியைத் தரையில் அறைவதுபோல்
சத்தம் போட்டது.
கேட்கிறதா என்றேன்.
நீ வானொலியைக் கூட்டினாய்.

நவம்பர் மழை
தகரக் கூரைமேல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.
முதலாளி குவான் ஹோ டயரின் விலாவில்
கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.
நெல்லிக்காய் அளவு வீக்கம்.
தலையை ஆட்டிவிட்டுப் போனார்.
மீதியை மாரிச்செல்வம் சொன்னார், அறந்தாங்கிக்காரர்:
"இந்த ஜாதி டயருக்குக் காத்து ஒரு மரியாதைக்குத்தான் அக்கா.
போனாலும் வெளியில காட்டிக்காது.
எண்பது வேகத்துல எண்பது கிலோமீட்டர் ஓடும்.
அதுக்குள்ள இங்க வந்துடணும்."

இரும்புக்கோல் நுழைத்து
வளையத்திலிருந்து பிரித்து
கவிழ்த்தார்.
கொட்டியது
ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி.
மிளகு என்றுதான் முதலில் தோன்றியது.
"உள்ளுக்குள்ளயே அரைபட்டிருக்கு.
பாதிக் காத்துல, வாரக்கணக்கா.
மஞ்சள் விளக்கு எரிஞ்சிருக்குமே?"

எரியவில்லை என்றேன்.

"அப்ப யாரோ பொத்தானை அமுக்கி அணைச்சிருக்காங்க.
அணைச்சுட்டா,
இருக்கிற காத்தையே சரியான காத்துன்னு
வண்டி பழகிக்கும்."

நான் இரவுப்பணித் தாதி.
எனக்கு 28ஆம் எண் பேருந்து போதும்.
வண்டி உன்னோடது.

நீ பானம் விற்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாய்,
காசு போடாமல்.
பார்லி, கிரிஸாந்திமம், லைச்சி என்று
பரீட்சைக்குப் படிப்பவன்போல
ஒவ்வொரு வரியாக.

மாற்றுச் சக்கரம் இருக்கிறதா பார்க்கப்
பின்கதவைத் திறந்தார்கள்.
இந்த வண்டிக்கு அது கிடையாதாம்,
அதற்கான குழிகூட இல்லை.
இருந்தது ஒரு மடக்கு நாற்காலி.
கால்களில் மணல்.
நான் கட்டிக்கொடுத்த டப்பாக்களில் இரண்டு,
கழுவி, துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று.
உன் அலுவலக அடையாள அட்டை,
கயிறு சுற்றி.
துவாஸில் உன் அலுவலகத்துக்குப் பக்கத்தில்
மணல் ஏது, தயாபரன்?

கேட்கவில்லை.
மாரிச்செல்வம் நாற்காலியை எடுத்துச்
சுவரோரம் விரித்து வைத்தார்,
அக்கா உட்காரட்டும் என்று.
உட்கார்ந்தேன்.
துணி உன் முதுகின் அளவுக்குத் தொய்ந்திருந்தது.

அதே வகை நான்கு போட்டால்
ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி.
சாதாரணமானது அறுநூற்று இருபது.
கலந்து போடக் கூடாதாம்.
அப்போதுதான் நீ பக்கத்தில் வந்தாய்.
"சாதாரணத்துல ஆணி ஏறினா?"
"அப்படியே உட்கார்ந்துடும் அண்ணே. நின்னுதான் ஆகணும்."
"விரைவுச்சாலை நடுவுல?"
என்னைப் பார்த்துக் கேட்டாய்,
சட்டைப்பையில் விரலை விட்டு
இல்லாத எதையோ தேடிக்கொண்டு.

நிற்கட்டும் என்றேன்.
நின்றால் கூப்பிடு.

சாதாரணத்தையே போட்டார்கள்.
இளசான ரப்பர் வாடை.
கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று,
ஓட்டை அடைக்கும் பசை ஒரு குப்பி,
முப்பத்தொன்பது வெள்ளி தனி.
குவான் ஹோ பழையவை நான்கையும்
படிக்கட்டுக்கடியில் உருட்டி விட்டார்.
கடைசியாகப் போனது
சுவரில் இடித்துச் சாய்ந்தது,
விழவில்லை.

நாற்காலியை நானே மடித்தேன்.
மணலைத் தட்டவில்லை.

திரும்பும் வழியில்
மேம்பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் காலடியில் போயின.
தட் தட் என்று முதுகெலும்பில் ஏறியவை
இப்போது யாரோ கதவை
மெல்லச் சாத்துவதுபோல.
கிண்ணக் குழியில் சில்லறை குலுங்கவில்லை.
இந்த வண்டிக்குள் இவ்வளவு அமைதி
வாங்கிய நாளிலிருந்து கேட்டதில்லை.
வானொலியை நான்தான் அணைத்தேன்.

பிடோக் சந்திப்பில் சிவப்பு.
தண்ணீர் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது.

"ஜூலை பதினாலு," என்றாய்.

அவ்வளவுதான்.
கியர்மேல் இருந்த உன் கைமேல்
என் கையை வைத்தேன்.
மருத்துவமனைச் சோப்பில் வெடித்த கை,
சொரசொரப்பு உனக்கு உறுத்தியிருக்கும்.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது,
பிறகு இன்னொன்று.
நாம் அசையவில்லை.